அப்பா போன ரிக்குக்குப் பிள்ளை போகவில்லை

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் கடல்வேலைக்கு, அதாவது நடுக்கடல் எண்ணெய் ரிக்குகளுக்குப் போக விரும்பும் எவரும் முதலில் தலைகீழாகத் தண்ணீரில் மூழ்கி எழ வேண்டும். பயிற்சி நிலையத்துக் குளத்தின் மேல் ஹெலிகாப்டரின் உட்பகுதி போல ஒரு கூண்டு தொங்கும். அதற்குள் சிலரை உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, தண்ணீருக்குள் இறக்கி, அப்படியே கவிழ்ப்பார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டைக் கழற்றி, வெளியே வர வேண்டும். வட கடலில் ஹெலிகாப்டர் விழுந்தால் உயிர் பிழைப்பதற்கான பயிற்சி இது. இதை வெறும் சடங்கு என்று யாரும் நினைப்பதில்லை. 1986-ல் ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே சினூக் ஹெலிகாப்டர் விழுந்து 45 பேர் இறந்தார்கள். 2009-ல் சூப்பர் பூமா விழுந்ததில் 16 பேர். 2013-ல் மேலும் நான்கு பேர்.

இத்தனையும் தெரிந்துதான் ஐம்பது ஆண்டுகளாக அந்த ஊர் இளைஞர்கள் கூண்டுக்குள் ஏறினார்கள். இரண்டு அல்லது மூன்று வாரம் கடலில், பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, பிறகு சில வாரம் வீட்டில். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கையில் ஒரு தொழிலோடு ரிக்குக்குப் போன பையன், கல்லூரி முடித்த அண்ணனைவிட அதிகம் சம்பாதித்தான். அப்பா ரிக்கில், மாமா சப்ளைக் கப்பலில், அண்ணி எண்ணெய்க் கம்பெனி அலுவலகத்தில் என்று குடும்பம் குடும்பமாக அந்த ஒரே தொழிலில் வாழ்ந்தவர்கள் உண்டு.

அந்த வீடுகளில் இன்று நடக்கும் பேச்சு வேறு. கடல்வேலை பார்த்த பெற்றோரே பிள்ளையிடம், எலெக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள், எங்கே போனாலும் பிழைக்கலாம் என்கிறார்கள். படித்த பிள்ளைகள் பெட்ரோலியப் பொறியியல் என்ற பெயரையே தவிர்க்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களோ, எப்போது வெளியேறுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பருவநிலை மாற்றத்தைக் கண்டு அஞ்சும் தலைமுறை எண்ணெயை வெறுக்கிறது என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இருக்கிறது. லண்டனில் உள்ள பர்க்பெக் கல்லூரி, எண்ணெய், எரிவாயு, சுரங்கக் கம்பெனிகள் தன் மாணவர்களிடையே ஆள் எடுக்க வருவதை 2022-ல் தடை செய்தது. பிரிட்டனில் முதலில் அப்படிச் செய்தது அந்தக் கல்லூரிதான். வேறு சில பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் அபர்டீன், பீட்டர்ஹெட் போன்ற ஊர்களில் எண்ணெயை வெறுத்து யாரும் வளரவில்லை. சாப்பாடு போட்ட தொழில் அது. அங்கேயும் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள் என்றால், காரணத்தை அந்தத் தொழில் தன் ஆட்களை நடத்திய விதத்தில்தான் தேட வேண்டும்.

அபர்டீன் எண்ணெயில் பிறந்த ஊர் அல்ல. மீன்பிடியும் கருங்கல்லும்தான் அதன் பழைய தொழில்கள். நகர் மையத்துக் கட்டடங்கள் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல். 1970-ல் அங்கிருந்து கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கடியில் ஃபார்ட்டீஸ் வயலை பிபி கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு ஷெல் பிரென்ட் வயலைக் கண்டது. இன்று உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலையை ‘பிரென்ட்’ என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1975 நவம்பரில் எலிசபெத் ராணி வந்து ஃபார்ட்டீஸ் குழாய்வழியைத் தொடங்கிவைத்தார். அலை பல மாடி உயரம் எழும் கடலில், எஃகும் கான்கிரீட்டும் கொண்டு மனிதர்கள் மேடை கட்டி உட்கார்ந்தது சாதாரணக் காரியம் இல்லை. அதைச் செய்தவர்களின் பெருமிதத்தை இன்றும் அந்த ஊரில் கேட்கலாம்.

1999-ல் பிரிட்டனின் வட கடல் உற்பத்தி உச்சம் தொட்டது. எண்ணெயும் எரிவாயுவும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 45 லட்சம் பீப்பாய்க்குச் சமம். இன்று கிடைப்பது அதில் கால்பங்கு அளவுதான். இந்தச் சரிவை எந்த அரசும் கொண்டுவரவில்லை. பெரிய வயல்கள் வற்றிவிட்டன. மிச்சம் இருப்பவை சின்னவை, எடுக்கச் செலவு பிடிப்பவை. வரி வந்தாலும் வராவிட்டாலும், புதிய உரிமம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இந்த உண்மை மாறாது. அபர்டீனில் இதை மறுக்கும் பொறியாளர் யாரும் இருக்க முடியாது. எவ்வளவு வேகமாகச் சரிய வேண்டும் என்பதில்தான் சண்டை.

வற்றுவது மட்டும் சிக்கலாக இருந்திருந்தால் இளைஞர்கள் இவ்வளவு மனம் தளர்ந்திருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டில் முடியும் வேலை என்றாலும் ஒரு மனிதனுக்கு அது ஓர் ஆயுட்கால வேலைதான். அவர்களை அதிகம் கலைத்தது விலை ஏற்ற இறக்கம்.

1986-ல் முப்பது டாலரை ஒட்டியிருந்த பீப்பாய் பத்து டாலருக்கு வந்தது. 1998 இறுதியில் மறுபடி பத்து டாலர். 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்ட விலை அந்த ஆண்டு முடிவதற்குள் நாற்பதுக்குக் கீழே போனது. 2014 நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய், எண்ணெயை எடுத்துக்கொண்டு போக ஆளுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. ஒவ்வொரு முறையும் கம்பெனிகள் முதலில் கைவைத்தது ஆட்களின் மீது. விலை ஏறியதும் மறுபடி கூப்பிட்டார்கள். ஏறும்போது கைநிறையச் சம்பளம், இறங்கும்போது ஒரு கடிதம்.

அந்தத் துறையின் சங்கமே வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் அளவு புரியும். 2014-ல் பிரிட்டனில் எண்ணெய், எரிவாயுவை நம்பி நேரடியாகவும் மறைமுகமாகவும், அந்த வேலைக்காரர்களின் செலவை நம்பிய தொழில்களிலுமாக நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையில் இருந்தார்கள். மூன்றே ஆண்டில் அது மூன்று லட்சமாகக் குறைந்தது. இந்த ஒன்றரை லட்சம் வேலைகள் போனபோது காற்றாலைக் கொள்கையோ பருவநிலைப் போராட்டமோ குறுக்கே வரவில்லை. விலை விழுந்தது, அவ்வளவுதான். இன்று இருபது வயதைக் கடந்து நிற்கும் அபர்டீன் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அப்பா வாய் திறக்காமல் இருந்ததைப் பார்த்தார்கள். வீட்டு விலை விழுந்ததையும், யூனியன் தெருவில் கடைகள் ஒவ்வொன்றாய் மூடியதையும் பார்த்தார்கள். அவர்கள் தொழிலை எடைபோடக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

முன்பெல்லாம் எண்ணெய் விலை ஏறினால் பெட்ரோலியப் பொறியியல் வகுப்பு நிரம்பும், இறங்கினால் காலியாகும். கிணற்று நீரும் மழையும் மாதிரி, கொஞ்சம் தாமதமானாலும் ஒன்றின் பின்னால் மற்றொன்று வரும். 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்து விலை மறுபடி நூறு டாலரைத் தாண்டியபோது அந்தப் பழைய கணக்கு பலிக்கவில்லை. அமெரிக்காவில் பெட்ரோலியப் பொறியியல் இளநிலைப் படிப்பில் சேருவோர் எண்ணிக்கை 2014-ஐ ஒட்டிய உச்சத்திலிருந்து ஏறத்தாழ முக்கால்வாசி குறைந்துவிட்டது. அந்தப் பட்டதாரிகளின் தொடக்கச் சம்பளம் மற்றப் பொறியாளர்களைவிட அதிகமாகவே இருந்தும் மாணவர்கள் திரும்பவில்லை. கனடாவின் எண்ணெய்த் தலைநகரமான கால்கரியில், அங்குள்ள பல்கலைக்கழகமே 2021-ல் எண்ணெய், எரிவாயுப் பொறியியல் இளநிலைப் படிப்புக்குச் சேர்க்கையை நிறுத்திவைத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பழைய பெட்ரோலியப் பொறியியல் முதுகலைப் படிப்பு போய், நிலத்தடி ஆற்றலையும் தரவு அறிவியலையும் சேர்த்துச் சொல்லித்தரும் படிப்பு வந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2050-க்குள் கார்பன் வெளியேற்றத்தை நிகர பூஜ்யமாக்க வேண்டும் என்று பிரிட்டன் 2019-ல் சட்டமாக்கியது. ஸ்காட்லாந்து வைத்திருக்கும் கெடு 2045. இன்று பதினெட்டு வயதில் வேலைக்குச் சேரும் ஒரு பெண்ணுக்கு 2045-ல் வயது முப்பத்தேழு ஆகும். வீட்டுக் கடன் பாதிகூட முடிந்திருக்காது. குழந்தைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். அவளுடைய தொழில்வாழ்க்கையின் நடுப்பகுதியில் அந்தத் தொழிலைச் சட்டமே கிட்டத்தட்ட முடித்துவைக்கிறது. அவள் யோசிப்பதை மனத்தளர்ச்சி என்றோ, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டப்பட மனமில்லை என்றோ சொல்வது பெரிய அநியாயம்.

தொழில் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று நம்பிச் சேர்ந்தவர்களும் உண்டு. 2020-ல் பெர்னார்ட் லூனி பிபியின் தலைவரானதும், பத்தாண்டுக்குள் தங்கள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்று அறிவித்தார். எண்ணெய்க் கம்பெனி மாறப்போகிறது, உள்ளே இருந்தே மாற்றலாம் என்று இளம் பொறியாளர்கள் பலர் எண்ணினார்கள். 2023-ல் அந்த இலக்கு 25 சதவீதமாகச் சுருங்கியது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, எண்ணெயிலும் எரிவாயுவிலும் முதலீட்டைக் கூட்டப்போவதாகக் கம்பெனி சொன்னது. பங்குதாரர்களுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கலாம். ஆனால் ஒரு இருபத்தைந்து வயதுக்காரர் தன் அடுத்த நாற்பது ஆண்டை ஒரு கம்பெனியின் அறிவிப்பை நம்பித் திட்டமிடுகிறார். அந்த அறிவிப்புக்கு ஐந்து ஆண்டுகூட ஆயுள் இல்லை என்றால் அடுத்த அறிவிப்பை யார் நம்புவார்?

அரசாங்கங்கள் தந்த நிச்சயமும் இதே தரம்தான். விலை உயர்ந்த 2022-ல் எண்ணெய்க் கம்பெனிகளின் எதிர்பாராத லாபத்தின் மீது பிரிட்டன் கூடுதல் வரி போட்டது. முதலில் 25 சதவீதம், பிறகு 35, பிறகு 38. மொத்த வரி 78 சதவீதமாயிற்று. நார்வேயிலும் அதே 78 சதவீதம்தான். ஆனால் அங்கே அது பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. பிரிட்டனில் அது ஆண்டுக்காண்டு நகர்ந்தது. 2024-ல் வந்த தொழிற்கட்சி அரசு புதிய வயல்களைத் தேட இனி உரிமம் கிடையாது என்றது. அந்த முடிவு சரியென்றே நான் நினைக்கிறேன். வற்றிவரும் கடலில் புதிதாகத் துளை போடுவதால் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் சொற்ப எண்ணெய், இன்றைய வேலையைக் காப்பாற்றாது. ஆனால் தடையோடு சேர்ந்து வர வேண்டிய மறுபாதி வரவில்லை. ‘திட்டமில்லாமல் தடை வேண்டாம்’ என்ற கோஷத்தோடு யுனைட் தொழிற்சங்கம் 2024-ல் இயக்கம் தொடங்கியதற்குக் காரணம் அதுதான்.

அந்தக் கோபத்தின் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1984-85 நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றபின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஊர்கள் அப்படியே விடப்பட்டன. அந்த ஊர்கள் இன்றும் எழவில்லை. ஸ்காட்லாந்தில் அதை மறந்தவர் இல்லை. 2025 ஏப்ரலில் கிரேஞ்ச்மவுத் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நின்றபோது எல்லாருக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது. 1924 முதல் ஓடிய ஆலை, ஸ்காட்லாந்தில் இருந்த ஒரே சுத்திகரிப்பு ஆலை. சுமார் 400 பேருக்கு வேலை போனது. அந்தப் பகுதியில் பெட்ரோல், டீசல் விற்பனை ஒரு நாளும் நிற்கவில்லை. இப்போது அது கப்பலில் இறக்குமதியாகி அதே வளாகத்தில் இறங்குகிறது. இதைப் பசுமை மாற்றம் என்று எந்தத் தொழிலாளிக்கும் விளக்க முடியாது. எரிப்பது குறையவில்லை, வேலை மட்டும் வெளிநாட்டுக்குப் போய்விட்டது.

காற்றாலைக்குப் போகட்டுமே என்று வெளியில் இருந்து சொல்வது எளிது. அபர்டீன் கடற்கரையில் நின்றாலே பதினொரு காற்றாலைகள் தெரியும். தன் கோல்ஃப் மைதானத்தின் பார்வையைக் கெடுக்கிறது என்று டொனால்ட் டிரம்ப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-ல் தோற்ற அதே காற்றாலைகள். 2018 முதல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சற்று வடக்கே பீட்டர்ஹெட்டுக்கு எதிரே, உலகின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை 2017-ல் வந்தது. அதைக் கட்டியது ஈக்வினார். ஸ்டாட்டாயில் என்ற பெயரில் எண்ணெய் எடுத்த அதே நார்வே கம்பெனி. கடலில் மிதக்கும் கனமான பொருளை நங்கூரம் போட்டு நிறுத்தும் வித்தை எண்ணெய்க்காரர்களுக்குக் கைவந்தது. ராபர்ட் கார்டன் பல்கலைக்கழகம் 2021-ல் செய்த ஆய்வு, வட கடல் எண்ணெய்த் தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வேறு எரிசக்தித் துறைகளுக்கு மாறத்தக்க திறமை உள்ளவர்கள் என்று கண்டது.

திறமை இருக்கிறது. மனமும் இருக்கிறது. 2020-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் 1,383 கடல்வேலைக்காரர்களிடம் கேட்டபோது, பத்தில் எட்டுப் பேர் எண்ணெய்க்கு வெளியே போக யோசிப்போம் என்றார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் கடல் காற்றாலையைச் சொன்னார்கள். அரசியல்வாதிகள் ஓயாமல் பேசும் ‘நியாயமான மாற்றம்’ என்ற சொற்றொடரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 91 சதவீதம். யாருக்காக அந்தச் சொற்றொடர் உண்டாக்கப்பட்டதோ அவர்கள் காதுக்கு அது போய்ச் சேரவில்லை.

அப்படியானால் ஏன் மாறவில்லை? நடைமுறையில் தடுக்கி விழும் இடங்கள் சின்னச் சின்னவை. குளத்தில் கவிழ்ந்து எழுந்து வாங்கிய சான்றிதழ் நான்கு ஆண்டு செல்லும், ஆனால் எண்ணெய் மேடைக்கு மட்டும். காற்றாலைக்கு வேறு அமைப்பு, வேறு சான்றிதழ். முதலுதவி, தீயணைப்பு, கடலில் உயிர் பிழைத்தல், உயரத்தில் வேலை என்று தனித்தனியாக எடுக்க வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இருபது ஆண்டு வட கடலில் இருந்தவரும் முதல் நாள் பையனோடு அதே பாடத்தில் உட்கார வேண்டும். ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் இதற்குக் கைக்காசு கொடுக்கிறார்கள். இரண்டு துறைக்கும் பொதுவான திறன் கடவுச்சீட்டு வரும் வரும் என்று பல ஆண்டு சொல்லி, 2025 ஜனவரியில்தான் அதன் முதல் வடிவம் இணையத்தில் வந்தது.

பெரிய தடை வேலை எங்கே இருக்கிறது என்பது. கடல் காற்றாலைக்குக் கட்டும் காலத்தில் ஆள் நிறைய வேண்டும், ஓடத் தொடங்கியபின் பராமரிக்கச் சிலர் போதும். எனவே நிலையான வேலை அதன் பாகங்களைச் செய்யும் தொழிற்சாலையில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அந்தத் தொழிற்சாலைகள் போதிய அளவு இல்லை. எண்ணெய் மேடைகளைக் கட்டித்தந்த பைஃபேப் தளங்கள், ஃபைஃப் கரையோரத்தில், ஆர்டர் இல்லாமல் 2020 டிசம்பரில் திவாலாயின. அதே ஸ்காட்லாந்துக் கடலில் எழுந்த சீகிரீன் காற்றாலைப் பண்ணைக்கான எஃகு அடித்தளங்கள் சீனாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தன. ஒரு வெல்டரின் மகன் இதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தால், பசுமை வேலை என்ற சொல்லின் மீது அவனுக்கு என்ன மரியாதை வரும்? 2022-ல் ஸ்காட்விண்ட் ஏலத்தில் கடற்படுகை குத்தகைக்குப் போனபோது ஆயிரக்கணக்கான வேலைகள் பேசப்பட்டன. அந்தப் பண்ணைகளில் ஒன்றுகூட இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.

இரண்டு தொழில்களுக்கும் இடையே உள்ள இடைவெளி இதுதான். பழைய வேலை இன்று போகிறது, புதிய வேலை ஏழெட்டு ஆண்டு கழித்து வரலாம். 2025-ல் அதே ராபர்ட் கார்டன் பல்கலைக்கழகம் ஒரு கணிப்பை வெளியிட்டது. 2024-ல் 1,15,000 ஆக இருந்த எண்ணெய், எரிவாயு வேலைகள் 2030-களின் தொடக்கத்தில் 57,000 முதல் 71,000 வரையான அளவுக்குக் குறையலாம் என்று அது சொல்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மனிதர்கள் வீட்டு வாடகை கட்ட வேண்டும். சிலர் மத்திய கிழக்குக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கயானாவுக்கும் போகிறார்கள். காற்றாலை ஒருநாள் வேகம் பிடிக்கும்போது தேவைப்படப்போகும் அதே கைகள் அவை.

இந்த இடைவெளியை அடைக்கப் பணம் இல்லாமல் போனது விதியின் குற்றம் இல்லை. அதே வட கடலின் அடுத்த கரையில் நார்வே 1990-ல் எண்ணெய் நிதிக்குச் சட்டம் இயற்றி, 1996-ல் முதல் தொகையைப் போட்டது. இன்று அதில் ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கும் மேல் இருக்கிறது. பிரிட்டன் தன் எண்ணெய் வரியை வந்த ஆண்டே செலவழித்தது. பிரிட்டனுக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம். ஷெட்லாந்து தீவுகளின் மாவட்டக் கவுன்சில், சல்லம் வோ என்ற இடத்தில் பெரிய எண்ணெய் முனையம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பயந்து ஒதுங்கவில்லை. 1974-ல் நாடாளுமன்றத்தில் தனக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றிக்கொண்டு, அந்தத் துறைமுகத்தின் அதிகாரத்தைக் கையில் எடுத்தது. தங்கள் ஊரைத் தொந்தரவு செய்வதற்குக் கம்பெனிகள் பணம் கட்ட வேண்டும் என்று பேரம் பேசி வாங்கியது. அந்தப் பணம் ஓர் அறக்கட்டளைக்குப் போய், முதியோர் பராமரிப்புக்கும் விளையாட்டு நிலையங்களுக்கும் கலைக்கும் ஆகிறது. இருபதாயிரம் சொச்சம் பேர் வாழும் தீவுக் கூட்டம் செய்ததை லண்டன் செய்யவில்லை.

நம் பக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. அபர்டீனின் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இந்தியாவிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்தும், பிள்ளைகள் எண்ணெய்த் துறை முதுகலை படிக்கப் போகிறார்கள். வங்கிக் கடன், சில வீடுகளில் நகைக் கடன். உள்ளூர்ப் பிள்ளைக்கே வேலை ஆட்டம் காணும் ஊரில், படிப்பு முடிந்து குறுகிய விசாக் காலத்துக்குள் ஆதரவு தரும் கம்பெனியைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதைக் கடன் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவின் நிலை வேறு என்பதும் உண்மை. இங்கே எண்ணெய்த் தேவை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. வளைகுடா வேலையும் நாளைக்கே நின்றுவிடாது. அதனால் பெட்ரோலியப் பொறியியல் எடுக்காதே என்று எந்த மாணவரிடமும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாடத்தின் அடிப்படை, பூமிக்கடியில் நுண்துளைப் பாறைக்குள் திரவமும் வாயுவும் எப்படி நகர்கின்றன என்பது. எண்ணெய் எடுப்பதற்கும், கார்பன் டையாக்சைடைத் திருப்பி உள்ளே அடைப்பதற்கும், புவிவெப்பத்தை மேலே கொண்டுவருவதற்கும் அதே கணக்குதான். அந்த அடிப்படையை ஊன்றிக் கற்றவருக்கு மூன்று கதவுகள். ஒரே கம்பெனியின் மென்பொருளை இயக்க மட்டும் கற்றவருக்கு ஒன்று.

இளைஞர்கள் எல்லாரும் விலகுவதைக் கைதட்டி வரவேற்கவும் என்னால் முடியவில்லை. 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்க்கப் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்த ஒரு பம்ப்பின் நிலை, ஷிப்டு மாறியபோது அடுத்தவர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கப்படாததில் தொடங்கிய விபத்து அது. கல்லன் பிரபுவின் விசாரணை 106 பரிந்துரைகள் தந்தது. இன்றைய வட கடல் பாதுகாப்பு அதன்மேல்தான் நிற்கிறது. பல மேடைகள் இப்போது நாற்பது ஆண்டைத் தாண்டியவை. தொழில் மறையப்போகிறது என்று நல்ல பிள்ளைகள் எல்லாரும் ஒதுங்கிவிட்டால், மிச்ச ஆண்டுகளில் அந்தத் துருவேறிய இரும்பை யார் கவனிப்பார்கள்? மூத்தவர்கள் ஓய்வுபெறும்போது அவர்கள் கையில் இருக்கும் அறிவை யார் வாங்கிக்கொள்வார்கள்? ஒரு தொழில் தொடங்கும்போது தேவைப்படும் திறமையைவிட முடியும்போது தேவைப்படும் திறமை குறைந்ததில்லை.

பழைய மேடைகளைப் பிரித்து அகற்றும் வேலையைப் பாருங்கள். பிரென்ட் டெல்ட்டா மேடையின் 24,000 டன் மேற்பகுதியை 2017-ல் பயனியரிங் ஸ்பிரிட் என்ற கப்பல் ஒரே தூக்கில் எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோனது. அங்கே அதைத் துண்டு துண்டாக்கிப் பெரும்பாலும் மறுசுழற்சி செய்தார்கள். பிரென்ட்டின் நான்கு மேடைகளில் கடைசியான சார்லி 2021-ல் உற்பத்தியை நிறுத்தி, 2024-ல் அகற்றப்பட்டது. வட கடலில் இன்னும் பல நூறு கட்டமைப்புகளும், சரியாக அடைக்கப்பட வேண்டிய ஆயிரக்கணக்கான கிணறுகளும் காத்திருக்கின்றன. மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி பவுண்டு என்பது எண்ணெய்த் துறை ஒழுங்குமுறை ஆணையத்தின் மதிப்பீடு. எழுபதுகளில் தோண்டிய கிணற்றின் பழைய பதிவேட்டைப் படித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகித்து, இனி எந்தக் காலத்திலும் கசியாதபடி சிமென்ட்டால் மூடுவது நுட்பமான வேலை. பல பத்தாண்டுகளுக்குத் தீராத வேலையும்கூட.

இந்த வேலைக்குக் காற்றாலைப் பண்ணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கிணறுகள் இப்போதே இருக்கின்றன, ஆட்கள் அபர்டீனில் இப்போதே இருக்கிறார்கள். 1998-ம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி அகற்றும் பொறுப்பும் செலவும் கம்பெனிகளுடையவை. ஆனால் நூற்றுக்கணக்கான கிணறுகளுக்குக் கெடு கடந்துவிட்டது, கம்பெனிகள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கின்றன. அதற்குள் துளையிடும் ரிக்குகள் வேலை இல்லாமல் வேறு கடல்களுக்குக் கிளம்புகின்றன, அவற்றோடு குழுக்களும் போகின்றன. கெடுவைத் தவறவிட்ட கம்பெனி மீது விசாரணை நடத்தவும் அபராதம் விதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதை இந்த ஆண்டே தயங்காமல் பயன்படுத்தினால், பயிற்சி நிலையத்துக் கூண்டில் ஏற யோசித்துக்கொண்டிருக்கும் பதினெட்டு வயதுக்காரருக்கு இன்னும் பதினைந்து ஆண்டு வேலை இருக்கிறது என்று ஒருவராவது எழுத்தில் கொடுக்க முடியும்.